பெர்சியோட துப்பாக்கி, பைக்கோட இரவல் சாமி: எக்ஸாண்ட்ரியாவுல பேக்ஸ்டோரிங்க குடியேறின விதம்

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கு ஒரு கேரக்டரா டைஸ் போட்டு கதையா ஆடுற ஆட்டம்) ஆடறதுக்கு சொந்தமா ஒரு ஹோம்ப்ரூ உலகம் கட்டி முடிச்சிருப்போம், மேப் போட்டாச்சு, ராஜா பரம்பரை எழுதியாச்சு, சாமிங்களுக்கு பேரு கூட வச்சாச்சு, அப்புறம் பிளேயர்ஸ் வருவாங்க பாருங்க, ஒருத்தர் கேரக்டர் கையில துப்பாக்கி, இன்னொருத்தரோட கிளெரிக் (சாமி சக்தியில மந்திரம் போடுற பூசாரி) கும்பிடுற சாமி நம்ம உலகத்துலயே கிடையாது, மூணாவது ஆளு பாதில நின்னுபோன வேற ஒரு கேம்பெயின் (பல செஷன் ஓடுற தொடர் ஆட்டம்) கேரக்டர அப்படியே தூக்கிட்டு வந்து "இவன இங்க ஆடிக்கலாமா"ன்னு கேப்பாரு. டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்த நடத்துறவர்) சீட்டுல உக்காந்த எல்லாருக்கும் இந்த தலைவலி தெரியும்.

வழக்கமா ரெண்டு பதில் தான் வரும். ஒண்ணு, "என் உலகத்துல துப்பாக்கி கிடையாது, வில்லு எடுத்துக்கோ". இன்னொன்னு, "எதுவேணா வச்சுக்கோப்பா, பாத்துக்கலாம்". முதல் பதில்ல பிளேயருக்கு பாதி ஆசை அங்கயே போயிடும். ரெண்டாவது இன்னும் மோசம்னு நான் சொல்லுவேன், ஏன்னா அனுமதி கிடைச்சிடுச்சே தவிர அந்த பேக்ஸ்டோரிக்கும் (கேரக்டரோட முன்கதைக்கும்) உலகத்துக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, பத்து செஷன் கழிச்சு அது எழுதின ஆளுக்கே மறந்துபோயிருக்கும்.

என் கட்சி இது: பேக்ஸ்டோரிய வேற உலகத்துக்கு மாத்தும்போது பேரு, ஊரு, சாமி எல்லாம் ரெண்டாம்பட்சம், முதல்ல கொடுக்கல் வாங்கல் கணக்க பாக்கணும். இந்த ஆளு யாருக்கு கடன்பட்டிருக்கான், இவனுக்கு யாரு பாக்கி வச்சிருக்கா, எந்தக் கதவ தட்டினா இவனுக்கு சோறு கிடைக்கும், எந்த ஊருக்குள்ள போனா இவன் தலை தப்பாது. அந்த கணக்கு அப்படியே இருந்தா மத்த எல்லாத்தையும் தைரியமா மாத்தலாம். கணக்க மாத்திட்டு பேர மட்டும் காப்பாத்தினா அது வேற ஆளு.

இதுக்கு கேஸா நான் எடுத்துக்கிட்டது டி அண்ட் டி ஆட்டத்த ஷோவா நடத்துற கிரிட்டிக்கல் ரோல் குழுவோட எக்ஸாண்ட்ரியாங்கற உலகம். நம்ம வீட்டு டேபிள் கதைய சொன்னா நீங்க சரிபாக்க முடியாது, இது பெரும்பாலும் வீடியோவா இருக்கு, புத்தகமா வந்திருக்கு, எந்த பேக்ஸ்டோரி எங்க போய் ஒட்டுச்சுன்னு நூல் பிடிச்சு போகலாம். முதல் ரெண்டு கேம்பெயினுக்கும் ஸ்பாய்லர் உண்டு, பாக்காதவங்க உஷாரு.

மொதல்ல பின்னணி. 2012ல மேத்யூ மெர்சர் (இந்தக் குழுவோட டிஎம்) தன் நண்பர் லியாம் ஓ'பிரையனோட பொறந்தநாளுக்காக ஒரு ஒன்-ஷாட் (ஒரே தடவையில முடியற ஆட்டம்) நடத்துறாரு, டி அண்ட் டி 4ஆவது எடிஷன் ரூல்ஸ்ல. எல்லாருக்கும் பிடிச்சுப்போய் அது தொடர் ஆட்டமா மாறுது, மாறும்போது ரூல்ஸும் பாத்ஃபைண்டர்ங்கற வேற ஆட்டத்துக்கு மாறுது. அப்புறம் 2015 மார்ச் 12ல கீக் அண்ட் சண்ட்ரியோட ட்விட்ச் சேனல்ல லைவ்வா ஆட ஆரம்பிக்கும்போது 5ஆவது எடிஷனுக்கு வந்துட்டாங்க. அதாவது அதே ஆளுங்க, அதே கதை, அடியில ரூல்ஸ் மட்டும் ரெண்டு தடவ உருவியாச்சு. 2017ல இந்த உலகத்தோட முதல் செட்டிங் புத்தகம் (உலகத்தோட விவரம் சொல்ற புத்தகம்) வந்தப்ப இன்னொரு சிக்கல், வீட்டுக்குள்ள ஆடும்போது யாரோட சாமிய வேணா இரவல் வாங்கலாம், புத்தகமா விக்கும்போது முடியாது. இப்படி ஒவ்வொரு மாற்றத்துலயும் எது உதிர்ந்துச்சு எது நின்னுச்சுன்னு பாக்க இதவிட நல்ல கேஸ் எனக்கு தெரியல.

முதல்ல துப்பாக்கி. டேலிசின் ஜாஃபியோட கேரக்டர் பெர்சி டி ரோலோ. (முழுப்பேரு ஒரு பாரா நீளத்துக்கு வரும், விட்டுடுவோம்.) வைட்ஸ்டோன்ங்கற ஊர ஆண்ட பிரபு குடும்பத்துப் பையன். பிரையர்வுட்னு ஒரு புருஷன் பொண்டாட்டி விருந்தாளியா வந்து குடும்பத்துல கிட்டத்தட்ட எல்லாரையும் கொன்னுட்டு ஊர பிடிச்சுக்கறாங்க, இவன் மட்டும் எப்படியோ தப்பிச்சு வெளிய வர்றான், கனவுல புகை மாதிரி ஒண்ணு வந்து பழிவாங்க வழி காட்டுறேங்குது, முழிச்சு எழுந்து இவன் துப்பாக்கி செய்யறான். குழல்ல கொல்லவேண்டியவங்க பேரு செதுக்கியிருக்கும், அந்த துப்பாக்கிக்கு பேரே "பட்டியல்".

பாத்ஃபைண்டர்ல கன்ஸ்லிங்கர் (துப்பாக்கிக்காரன்) முறையான கிளாஸ் (கேரக்டரோட தொழில் வகை), 2011லயே ரூல் புத்தகத்துல வந்துடுச்சு. 5ஆவது எடிஷன்ல அப்படி ஒரு கிளாஸ் கிடையாது. "சரி, ரேஞ்சராகி கிராஸ்போ எடுத்துக்கோ"ன்னு சொல்லியிருக்கலாம், நிறைய டிஎம்ங்க அதான் செய்வாங்க. மெர்சர் செஞ்சது என்னன்னா ஃபைட்டர் கிளாஸுக்கு அடியில கன்ஸ்லிங்கர்னு ஒரு சப்கிளாஸ் எழுதினாரு, பின்னாடி அத டிஎம்ஸ் கில்ட்ங்கற ஆன்லைன் கடையிலயும் போட்டாரு. அதுல மிஸ்ஃபயர்னு ஒரு ரூல் இருக்கு, டைஸ் ரொம்ப கம்மியா விழுந்தா துப்பாக்கி அடைச்சுக்கும், ஒரு ஆக்‌ஷன் செலவழிச்சு டிங்கர் டூல்ஸ வச்சு சரிபண்ண பாக்கணும், அதுலயும் தோத்தா சண்டை முடியறவரைக்கும் அது வெறும் இரும்புத்துண்டு. இந்த ஒரு ரூல் எவ்ளோ வேலை பாக்குதுன்னு யோசிச்சு பாருங்க, இது கடையில வாங்கின ஆயுதம் கிடையாது, ஒரு பையன் ராத்திரி முழிச்சு கையால செஞ்சது, உலகத்துலயே முதல் தடவ செய்யறான், அதனால அடிக்கடி மக்கர் பண்ணுது. பேக்ஸ்டோரில ஒரு வரியா இருந்தது டேபிள்ல டைஸா விழுது.

அடுத்தது உலகத்துப் பக்கம். எக்ஸாண்ட்ரியாவுல கருமருந்து இருக்கு, அத விக்கிறதுக்கு விக்டர்னு பாதி விரல் போன ஒரு வியாபாரி கூட இருக்காரு (அந்த ஆளு வர்ற சீன் எல்லாம் செம காமெடி). ஆனா துப்பாக்கி கிடையாது. பெர்சி செஞ்சதுதான் முதல். அப்போ செட்டிங் உடையல, ஏன்னா "இங்க துப்பாக்கி இல்ல"ங்கற விதி அப்படியே நிக்குது, அந்த விதிய மீறின ஒரே ஆளு பிளேயர் கேரக்டர், மீறினதுக்கு விலையும் இருக்கு. இங்கதான் அந்த கணக்கு விஷயம் வருது. கனவுல வந்த புகைக்கு ஒரு பேரு இருக்கு, ஆர்தாக்ஸ், அது ஒரு பிசாசு, அதுக்கு இவன் ஆத்மா பாக்கி. டாக்டர் அன்னா ரிப்ளின்னு பட்டியல்ல இருக்கற ஒரு அம்மா இவன் டிசைன பாத்து தானும் துப்பாக்கி செய்ய கத்துக்கறா, அந்த துப்பாக்கியாலயே பின்னாடி ஒரு நாள் இவன் செத்தும் போறான் (சாவுலேர்ந்து கொண்டுவந்துடறாங்க, அது வேற கதை). பிளேயர் கேட்டது "எனக்கு துப்பாக்கி வேணும்". டிஎம் கொடுத்தது "எடுத்துக்கோ, ஆனா இந்த உலகத்துல துப்பாக்கி வந்ததுக்கு காரணம் நீதான்". பிளேயருக்கு ஆசப்பட்டது கிடைச்சிடுச்சு, டிஎம்முக்கு வருஷக்கணக்குல ஓட்டுற அளவுக்கு கதை கிடைச்சிடுச்சு.

இதுல இன்னொரு சாமர்த்தியம் நேரம். பிரையர்வுட் தம்பதி லைவ் ஷோல முகம் காட்டுறது 24ஆவது எபிசோடுல, தலைநகர் எமான்ல ராஜாவோட விருந்துக்கு மரியாதப்பட்ட விருந்தாளிங்களா. பெர்சியோட ஊர தேடி குழு போகல, பழைய கடன் இவங்க உக்காந்திருக்கற பந்திக்கே வந்து உக்காருது. அதுலேர்ந்து வைட்ஸ்டோன் கதை ஆரம்பிச்சு, ஊருக்கு அடியில அவங்க கட்டிட்டிருந்த ஒரு பிரமிடு மாதிரி கட்டடம் வரைக்கும் போகுது, அது "கிசுகிசுக்கப்படறவன்"னு ஒருத்தனுக்காக கட்டுறதுன்னு தெரியவருது, அந்த ஆளு வேற யாரும் இல்ல, வெக்னா, டி அண்ட் டில ரொம்ப பழைய வில்லன். 2017 அக்டோபர்ல 115ஆவது எபிசோடுல முடியற முதல் கேம்பெயினோட கடைசி எதிரி அவன்தான். ஒரு பிளேயர் தன் கேரக்டருக்கு எழுதிக்கிட்ட குடும்பப் பழி, மொத்த கேம்பெயினோட முடிவுக்கு போற பாதையா மாறிடுச்சு. இது எல்லாமே முதல் நாளே பிளான் பண்ணியிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்தான், பிளான் பண்ணாம கொண்டுபோயிருந்தா இன்னும் பெரிய கெட்டிக்காரத்தனம்.

இப்போ சாமி. ஆஷ்லி ஜான்சனோட கேரக்டர் பைக் டிரிக்ஃபுட் (வண்டி இல்லப்பா, ஆளு பேரு), நோம் இனத்து கிளெரிக். அவ கும்பிடுறது சரென்ரே. பாத்ஃபைண்டர் ஆடுனவங்களுக்கு உடனே பொறி தட்டும், சரென்ரே பாத்ஃபைண்டரோட கோலாரியன் உலகத்து தெய்வம், சூரியன், குணப்படுத்தறது, திருந்தி வர்றவங்களுக்கு மன்னிப்பு, இதெல்லாம் அவ கணக்கு. ஆனா எக்ஸாண்ட்ரியாவுல மத்த சாமிங்க பெரும்பாலும் டி அண்ட் டி 4ஆவது எடிஷன் கூட்டம், பெலோர், பஹமுட், அயூன், மெலோரா, கோர்ட், ராவன் குயின் இப்படி. அந்த வரிசையில ஒரே ஒரு வெளியூர் சாமி சரென்ரே. ஆட்டம் பாத்ஃபைண்டர்ல நடந்த காலத்துல ஒட்டிக்கிட்டு அப்படியே தங்கிட்டா.

இத ரெண்டு விதமா முடிச்சிருக்கலாம். "உன் சாமிய பெலோர்னு மாத்திக்கோ, அவரும் சூரியன்தான"ன்னு சொல்றது ஒண்ணு. பாக்க சரியா இருக்கும், ஆனா பைக்குக்கு அந்த சாமிகிட்ட என்ன வேணும்? வெளிச்சம் முக்கியம் இல்ல, மன்னிப்பு. பெலோர்கிட்ட போனா கோயில் பெருசா கிடைக்கும், அந்த உறவு கிடைக்காது. அதனால சாமி தங்கிடுச்சு, தங்கினதுக்கு உலகத்துல ஒரு காரணமும் எழுதிட்டாங்க, அதுதான் எனக்கு இந்த கேஸ்லயே ரொம்ப பிடிச்ச இடம். எக்ஸாண்ட்ரியாவோட வரலாற்றுல கேலமிட்டின்னு சாமிங்களுக்குள்ள ஒரு பெரிய போர் நடந்திருக்கு, அந்தப் போர்ல இந்த தேவியோட பக்தர்கள் கிட்டத்தட்ட துடைச்சு எடுக்கப்பட்டாங்க, பல நூறு வருஷம் அவள யாரும் பெருசா கும்பிடல, இப்போதான் மெல்ல மெல்ல வழிபாடு திரும்ப வருது. "ஏன் இந்த சாமிக்கு எங்கயும் கோயில் இல்ல, ஏன் யாருக்கும் தெரியல"ங்கற ஓட்டை அப்படியே கதையா ஆயிடுச்சு. பைக் ஒரு பெரிய மதத்துல ஆயிரத்துல ஒருத்தி கிடையாது, அழிஞ்சுபோன ஒரு வழிபாட்ட திரும்ப தூக்கி நிறுத்தற ஆளு. ஆஷ்லி ஜான்சனுக்கு டிவி சீரியல் ஷூட்டிங்னால நிறைய எபிசோடு வர முடியல, அப்பவும் கிளெரிக் தன் சாமி வேலையா வெளிய போயிருக்கான்னு சொன்னா யாருக்கும் உறுத்தாது, ஏன்னா செய்யறதுக்கு நிஜமாவே வேலை கிடக்கு.

அப்புறம் 2017 புத்தகம். சரென்ரேங்கற பேரு பாத்ஃபைண்டர் வெளியிடற பைசோவோட சொத்து, பெலோர், ராவன் குயின் எல்லாம் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டோடது, இத வேற பதிப்பகம் வெளியிடறதுன்னா அப்படியே அச்சடிக்க முடியாது. அதனால பட்டப்பேரு வந்துச்சு, சரென்ரே "தி எவர்லைட்", பெலோர் "டான்ஃபாதர்", மெலோரா "வைல்ட்மதர்", அயூன் "நோயிங் மிஸ்ட்ரஸ்". இந்தக் கதைய வச்சு வந்த அனிமேஷன் சீரிஸ்லயும் ராவன் குயின் "மேட்ரன் ஆஃப் ராவன்ஸ்" ஆயிட்டாங்க. இப்போ கவனிங்க, பேரு போயிடுச்சு, பைக்கோட கதையில ஒரு நூல் கூட அறுந்துபோகல. லியாம் ஓ'பிரையனோட கேரக்டர் வாக்ஸ், தன் தங்கச்சி வெக்ஸ் ஒரு கல்லறைக்குள்ள பொறியில மாட்டி சாகும்போது, "அவளுக்கு பதிலா என்ன எடுத்துக்கோ"ன்னு சாவு தேவிகிட்ட தன்ன அடகு வைக்கிறான்ல, அந்த தேவிக்கு பேரு ராவன் குயினா இருந்தா என்ன மேட்ரனா இருந்தா என்ன, அடகு அடகுதான். சொல்லப்போனா பட்டப்பேருதான் இன்னும் நல்லா இருக்குங்கறது என் அபிப்பிராயம், நம்ம ஊர்ல சாமி பேர நேரா சொல்லாம ஆத்தா, அய்யாங்கற மாதிரி ஒரு நெருக்கம் வந்துடுது.

மத்தவங்கள கொஞ்சம் வேகமா பாத்துடலாம். வாக்ஸ், வெக்ஸ் ரெட்டப்பிள்ளைங்க, அப்பா எல்ஃப் நகரம் சிங்கார்ன்ல பெரிய மனுஷன், அம்மா பைரோடன்ங்கற சின்ன ஊர்ல இருந்த மனுஷப் பொண்ணு, அந்த ஊர ஒரு டிராகன் எரிச்சதுல அம்மா போயிட்டாங்க. அம்மாவ கொன்ன டிராகன்ங்கறது பேன்டசி பேக்ஸ்டோரில ரொம்ப தேஞ்ச டயலாக், ஆனா அந்த டிராகனுக்கு தோர்டாக்னு பேரு வச்சு, 39ஆவது எபிசோடுல எமான எரிக்க வர்ற நாலு டிராகன்கள்ல தலைவனா கொண்டுவந்து நிறுத்தும்போது அது பழசா தெரியல. இன்னொரு பக்கம் மரிஷா ரேயோட டிரூயிட் (இயற்கை சக்தியில மந்திரம் போடுறவ) கீலெத், ஆஷாரி மக்கள்ல காத்து பிரிவு. தலைவி ஆகணும்னா மத்த மூணு பிரிவு ஊருக்கும் போய் தன்ன நிரூபிச்சுட்டு வரணும், அந்த பயணத்துக்கு அராமென்டேன்னு பேரு. ஆஷாரிங்க காவல் காக்கறதே நெருப்பு, தண்ணி, மண்ணு, காத்து லோகங்களுக்கு போற பிளவுகள. அடைச்சு வச்சிருந்த தோர்டாக் வெளிய வந்தது எந்த வழியா? நெருப்பு ஆஷாரிங்க ஊர்ல இருந்த பிளவு வழியா. ரெட்டப்பிள்ளைங்களோட அம்மா சாவும் கீலெத்தோட கடமையும் ஒரே டிராகன்ல வந்து முட்டுது.

ரெண்டு பேக்ஸ்டோரிக்கும் தனித்தனி வில்லன் தேவையே இல்லங்கறத இதுலேர்ந்துதான் நான் கத்துக்கிட்டேன். ஆறு பிளேயர் இருந்தா ஆறு பரம விரோதிய எழுதிட்டு டிஎம் முழி பிதுங்கி நிக்கறத நிறைய டேபிள்ல பாக்கலாம். விரோதிங்கள ஒண்ணா சேத்துடுங்க, பிளேயர்ஸ் கோச்சுக்க மாட்டாங்க, சந்தோஷம்தான் படுவாங்க, தன் எதிரி பெரிய ஆளுன்னு தெரிஞ்சா யாருக்குத்தான் பெருமையா இருக்காது.

குழுவோட முரட்டு சண்டைக்காரன் கிராகும் பைக்கும் அப்படித்தான், இன்னும் கிட்டத்துல. கிராக் தன் கூட்டத்தோட கொள்ளைக்கு போன இடத்துல ஒரு கிழவர கொல்ல மாட்டேன்னு நின்னதுக்காக சொந்த மாமன் கெவ்டாக் அடிச்சு சாகப்போட்டுட்டு போறான், அந்தக் கிழவர் பைக்கோட தாத்தா முறை, பைக் வந்து இவன பிழைக்க வைக்கிறா. இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற கடன் எந்த உலகத்துக்கு தூக்கிட்டு போனாலும் செல்லும், கோலாரியன்லயும் செல்லும், உங்க ஹோம்ப்ரூலயும் செல்லும், ஏன்னா கணக்கு ரெண்டு பிளேயர் கேரக்டருக்குள்ளயே தீந்துடுது, உலகத்துகிட்ட கேக்கறது ஒரு கொள்ளக்கூட்டமும் ஒரு ஊரும் மட்டும்தான்.

எல்லா செட்டிங்கும் இப்படி வளைஞ்சு கொடுக்காது, கொடுக்கவும் வேணாம். டிராகன்லான்ஸ்ங்கற டி அண்ட் டி உலகத்துல, 1984ல முதல் சாகசம் ஆரம்பிக்கும்போது நிஜ கிளெரிக்கே கிடையாது, சாமிங்க விட்டுட்டு போய் சில நூறு வருஷம் ஆச்சு, கிளெரிக் திரும்ப வர்றதுதான் அங்க கதையே. 1991ல வந்த டார்க் சன்ல சாமியே இல்ல, இரும்பு அபூர்வம், காசு கூட பீங்கான்ல, நோம் இனம் பூண்டோட அழிஞ்சுபோச்சு. அங்க பைக்க கொண்டுபோனா நோம்ங்கறதும் போச்சு, சாமியும் போச்சு. ஆனா அங்க கிளெரிக் ஆசைய உலகம் வேற விதமா தீர்த்து வைக்குது, நெருப்பு தண்ணி மாதிரி பூதங்கள கும்பிடலாம், தண்ணியே இல்லாத உலகத்துல தண்ணிய கும்பிடற பூசாரின்னா யாருக்கு எவ்ளோ பாக்கின்னு யோசிச்சுக்கோங்க. இறுக்கமான உலகம் வச்சிருக்கறவங்க "இல்ல"ன்னு தாராளமா சொல்லலாம், ஆனா "இல்ல, அதுக்கு பதிலா இது"ன்னு சொல்லணும், அந்த "இது" அதே கடன தூக்கி சுமக்கணும்.

எக்ஸாண்ட்ரியா ரெண்டாவது கேம்பெயின்ல, 2018 ஜனவரில, நிலைமை தலைகீழ். இப்போ உலகம் ஏற்கனவே இருக்கு, கேரக்டருங்க புதுசு. வைல்ட்மவுன்ட்ங்கற கண்டத்துல ட்வென்டேலியன் சாம்ராஜ்யம்னு ஒண்ணு, அங்க எந்த சாமிய கும்பிடலாம்ங்கறத அரசாங்கம் முடிவு பண்ணுது, லிஸ்ட்ல இல்லாத சாமின்னா குத்தம். லாரா பெய்லி கொண்டு வந்த ஜெஸ்டர்ங்கற கிளெரிக் கும்பிடறது "தி டிராவலர்", எந்த லிஸ்ட்லயும் இல்ல, எந்த புராணத்துலயும் இல்ல. சின்ன வயசுலேர்ந்து அவகூட விளையாடின சாமி. பாதி டிஎம்ங்க இங்க பேனா எடுத்து சாமி வரிசையில இன்னொன்ன சேத்துடுவாங்க. இங்க என்ன ஆச்சுன்னா டிராவலர் சாமியே இல்லன்னு ஆச்சு, ஆர்டகன்ங்கற ஃபே லோகத்து (மாயப் பிறவிங்க வாழற லோகம்) ஆசாமி, முதல் கேம்பெயின்லயே குழு சந்திச்சவன், சாமி வேஷம் போட்டுட்டு திரியறான். சாமி வரிசை அப்படியே இருக்கு, ஜெஸ்டருக்கு கிடைக்கற மந்திர சக்தியும் அப்படியே இருக்கு, ஆனா "நான் கும்பிடறது யார"ங்கற கேள்வி அவளுக்கு மேல தொங்கிட்டே இருக்கு. செட்டிங்ல இடமில்லாத ஒரு பேக்ஸ்டோரிக்கு, ஏற்கனவே இருக்கற ஒரு பழைய ஆள முகமூடி மாட்டி அனுப்பறது, இந்த உத்திய நான் வெக்கமே இல்லாம திருடியிருக்கேன்.

2020 மார்ச்ல விசார்ட்ஸ் வெளியிட்ட வைல்ட்மவுன்ட் புத்தகத்துல இதயே முறையா ஆக்கி வச்சிருக்காங்க. ஒண்ணு, பிளேயர் ஹேண்ட்புக்ல இருக்கற சாதா பேக்ரவுண்டுகளுக்கு (கேரக்டரோட பழைய பொழப்பு) ஊர் முகம் கொடுத்திருக்காங்க, அகோலைட்னா லக்ஸன்பார்ன், கிரிமினல்னா மிரியட்ங்கற கூட்டத்து ஆளு, செய்லர்னா ரெவல்ரி கொள்ளக்காரன், சேஜ்னா கோபால்ட் அறிஞர். ஸ்கில்லுங்க மாத்திரம் இல்ல, யாரு உனக்கு கதவு திறப்பாங்கன்னும் எழுதியிருக்கும். இன்னொன்னு ஹீரோயிக் க்ரானிக்கிள்னு டைஸ் போட்டு பாக்கற அட்டவணைங்க: எந்த ஊரு, குடும்பம் எப்படி, கூட்டாளி எத்தன பேரு, எதிராளி எத்தன பேரு, வாழ்க்கைய திருப்பிப்போட்ட சம்பவம் என்ன, ஒரு ரகசியம், ஒரு தீர்க்கதரிசனம், பிடிச்ச சாப்பாடு வரைக்கும். ஊர் வாரியா பிடிச்ச சாப்பாட்டுக்கு டேபிள் போட்ட ஆளு யாரோ அவருக்கு ஒரு கும்பிடு. லோர் புத்தகம் முப்பது பக்கம் படிக்க சொன்னா எந்த பிளேயரும் படிக்க மாட்டான், டைஸ் போட்டு "உன் எதிராளி இந்த ஊர்ல இருக்கான்"னு வந்தா அந்த ஊர பத்தி தானா கேப்பான்.

சரி, இவ்ளோ நல்லா நடந்த டேபிள்ல ஓட்டையே இல்லையான்னா இருக்கு, அத அவங்களே காட்டிட்டாங்க. சாம் ரீகலோட பார்ட் (பாட்டால மந்திரம் போடுறவன்) ஸ்கேன்லன். ஜோக்கு, பாட்டு, குறும்புன்னு ஓடிட்டே இருந்த கேரக்டர். மத்தவங்க எல்லாருக்கும் ஊரு, குடும்பம், கடன்னு ஒவ்வொன்னா கதை வந்துட்டிருக்கும்போது இவனுக்கு மகள் கெய்லி வந்ததத் தவிர குழு பெருசா தோண்டல. 85ஆவது எபிசோடுல வெடிக்கறான். உங்கள்ல யாருக்காச்சும் என் அம்மா பேரு தெரியுமான்னு கேக்கறான், ஒருத்தருக்கும் தெரியல, மகள கூட்டிட்டு குழுவ விட்டுட்டு கிளம்பிடறான். நாடகமா பாத்தா அந்த ஷோவோட உச்சம் அது. டிஎம் கண்ணால பாத்தா எனக்கு கொஞ்சம் பகீர்னு இருக்கும், ஏன்னா அந்த கேள்விய கதைக்குள்ள கேக்க தெரிஞ்ச பிளேயர் கோடில ஒருத்தர், மத்த டேபிள்ல எல்லாம் அந்த பிளேயர் சும்மா "அடுத்த வாரம் வர முடியாது"ன்னு மெசேஜ் போட்டுட்டு காணாம போயிடுவாரு. சத்தமா இருக்கற பேக்ஸ்டோரிய எல்லாரும் கவனிப்பாங்க, ஜோக் அடிக்கற ஆளோட பேக்ஸ்டோரிய டிஎம் தான் தேடிப் போகணும்.

இத உங்க டேபிளுக்கு கொண்டுவரும்போது எந்த எடிஷன் ஆடுறீங்கங்கறதும் கொஞ்சம் முக்கியம். 2014 ஹேண்ட்புக்ல 13 பேக்ரவுண்டு, ஒவ்வொன்னுக்கும் ஒரு ஃபீச்சர் உண்டு, அகோலைட்டுக்கு தன் மதத்து கோயில்ல இடமும் வைத்தியமும் கிடைக்கும், கிரிமினலுக்கு நம்பகமான ஒரு காண்டாக்ட், சோல்ஜருக்கு பழைய ரேங்க்குக்கு மரியாதை, ஃபோக் ஹீரோவ கிராமத்து ஜனங்க ஒளிச்சு வைப்பாங்க. ஆட்டத்துல யாரும் பெருசா யூஸ் பண்ணாம விட்ட ஃபீச்சருங்க, ஆனா நான் சொல்ற கணக்கு அங்கதான் எழுதியிருந்துச்சு, ஹோம்ப்ரூ உலகத்துக்கு மாத்தும்போது டிஎம் அந்த ஒரு பாராவ படிச்சு "இந்த கோயில் என் உலகத்துல எது, இந்த காண்டாக்ட் யாரு"ன்னு கேட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. 2024 ஹேண்ட்புக்ல பேக்ரவுண்டு 16 ஆச்சு, எபிலிட்டி ஸ்கோர் ஏத்தமும் ஒரு ஒரிஜின் ஃபீட்டும் (கூடுதல் திறமை) அதுலயே வந்துடுச்சு, அந்த ஃபீச்சர தூக்கிட்டாங்க. கணக்குப்படி பாத்தா கேரக்டர் பலம் கூடியிருக்கு, உலகத்தோட இருந்த கொக்கி போயிடுச்சு. அதனால 2024ல ஆடுறவங்க அந்த கொக்கிய கையால மாட்டணும். ஒருத்தன் வாட்டர்டீப்ங்கற டி அண்ட் டி நகரத்துக் காவல்ல இருந்தவன், மேலதிகாரி லஞ்சம் வாங்கினத பாத்துட்டு வேலைய விட்டவன்னு கொண்டுவர்றான், உங்க உலகத்துல நகரமே இல்ல, ஆத்தங்கரை ஓரமா படகுக் கூட்டங்க மட்டும்தான்னு வைங்க. காவல்ங்கறத சுங்கம் வாங்கற படகுக்காரன்னு மாத்துங்க, மேலதிகாரி கூட்டத்து தலைவன் ஆகட்டும், லஞ்சம் அப்படியே இருக்கட்டும், அந்த லஞ்சத்தால யாரு நாசமானாங்கன்னு பிளேயரையே சொல்ல வைங்க. அவர் சொல்ற பதில்ல உங்க மேப்ல இல்லாத ஒரு ஊரு கிடைக்கும், அத மேப்ல போட்டுடுங்க.

அப்படி போட்ட ஊரு எவ்ளோ தூரம் போகும்னா, 2022ல வந்த டால்டோரே (முதல் கேம்பெயின் நடந்த கண்டம்) செட்டிங்கோட புது பதிப்பு முதல் கேம்பெயினுக்கு அப்புறம் சுமார் 20 வருஷம் தள்ளி நடக்குது. அதுல புதுசா ஆட வர்றவங்க எடுத்துக்கற பேக்ரவுண்டுகள்ல ஆஷாரி ஒண்ணு, வைட்ஸ்டோன் ரைஃபிள் கார்ப்ஸ் இன்னொன்னு. துப்பாக்கியே இல்லாத உலகத்துல ஒரு பிளேயர் அடம்பிடிச்சு கொண்டுவந்த துப்பாக்கி, இப்போ அந்த ஊர்ல சம்பளத்துக்கு தூக்கிட்டு நடக்கற ஒரு படை, அந்த படையில இருந்தவன்னு யார் வேணா கேரக்டர் ஷீட்ல எழுதிக்கலாம்.